நாற்பத்து மூன்று புள்ளிகள்

நாற்பத்தேழு வயதில் ஒருத்தி புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள உட்கார்ந்தால், சிரிப்பதற்கு ஆட்களுக்குப் பஞ்சம் இருக்காது. செடியக்கா விஷயத்திலும் அப்படித்தான். தோட்டங்களும் பூங்காக்களும் வடிவமைத்துக் கொடுக்கிற அந்த அலுவலகத்தில் அவளுக்கு இருபது வருட சர்வீஸ். எந்தச் செடி எந்த மண்ணில் பிழைக்கும், எந்த மரத்தின் வேர் பத்து வருடம் கழித்து நடைபாதையைப் பெயர்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். படம் வரைவது மட்டும் பென்சிலில்தான். அலுவலகத்திலும் சரி, குடியிருக்கிற சந்திலும் சரி, அவளுடைய சொந்தப் பெயரை மறந்து எல்லோரும் செடியக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

ஒரு நாள் மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"இனிமே பென்சில்ல வரைஞ்சு கொடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு பூங்கா வேலை வந்திருக்கு. மேப், மாடல் எல்லாமே கம்ப்யூட்டர்ல வேணும்கிறாங்க. ஆறு வாரம் தரேன், கத்துக்குங்க. அந்த மாடலை நீங்கதான் பண்ணணும்."

"நானா? சார், ஒரு மெயில் அனுப்பவே எனக்குப் பக்கத்து சீட்டு ஆளு வேணும்."

"உங்க சந்துக்குப் பின்னாடி இருக்கிற இடம்தான். உங்களைவிட அதைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் காலி நிலம், சந்துப் பக்கமாகச் சரிந்து கிடக்கும். சரிவின் அடியில் முழங்கால் உயரத்துக்கு இடிந்து நிற்கிற பழைய சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டாவது வீடு எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருந்தது. அதில்தான் செடியக்காவும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள்.

முதல் வாரம் மானம் போயிற்று. 14.2 என்று உயரத்தை அடிப்பதற்குப் பதிலாக 142 என்று அடித்துவிட்டு, திரையில் ஒரு ஊசி மலை முளைத்து நிற்பதை வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, பூங்காவுக்கு வரவங்க கயிறு கொண்டு வரணுமா?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு மரம் வைத்தாள். அளவு தவறிப்போய், அதன் நிழல் மட்டுமே சந்து முழுவதையும் மூடிவிட்டது. மூன்றாம் நாள் கழிவறையில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

தம்பி நில அளவையாளன். மூன்று கால் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அளக்கிறவன். அந்தக் காலி நிலத்தை அளந்ததும் அவன்தான், பூங்கா கட்டும் கம்பெனிக்காக. தன் கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா வீட்டுக்கு அவன் வருவது குறைந்து, வந்தான் போனான் என்கிற அளவில் நின்றிருந்தது. அதனால், "நீ எதுக்குக்கா அழறே? நான் சொல்லித் தரேன். சனி ஞாயிறு வரேன்" என்று அவன் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னபடியே வந்தான். ஆறு வாரம், ஒரு வாரம் தவறாமல் வந்தான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைப்பார்கள். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இதோ பாருக்கா, ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் கோத்தா ஒரு கோடு வரும். கோடு நெருங்கி வந்தா சரிவு, விலகிப் போனா சமதளம். அவ்வளவுதான் விஷயம்."

"இதைத்தான் அந்த வீடியோவுல ஒரு மணி நேரமா சொன்னானா?"

"அவனுக்கு நேரம் போகணும்ல."

நிலத்தில் அளந்த ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்தால் முக்கோணங்கள். முக்கோணங்கள் சேர்ந்தால் நிலத்தின் தோல். அந்தத் தோலின்மேல் பாதை போடலாம், குளம் வெட்டலாம், மரம் நடலாம். ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். வேண்டுமானால் திறக்கலாம், வேண்டாமென்றால் மூடலாம். மரங்களை வகைவாரியாக வெவ்வேறு கலரில் காட்டலாம். அவன் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தான். ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. சின்ன வயதில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து அவன் தலையில் குட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவன் சொல்லித் தரவில்லை. அவன் அளந்த புள்ளிகள் இருந்த லேயரை மூடி வைத்துவிட்டு, "இதைத் தொட வேண்டாம்க்கா. இது எங்க ஆளுங்க சமாச்சாரம். கை பட்டா மொத்தமும் குலைஞ்சிடும்" என்றான். புதிதாக நட்ட செடியைத் தொடாதே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள்.

ஆறாவது வார முடிவில் மாடல் தயாரானது. அது நன்றாகவே வந்திருந்தது என்பதை அவளைக் கேலி செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். கார் நிறுத்த மேலே ஒரு கல்தளம், அதிலிருந்து வளைந்து இறங்கும் பாதை, ஓரத்தில் குளம், காலையில் எந்த பெஞ்சில் நிழல் விழும் என்பது வரை அதில் இருந்தது. வேலை தொடங்க வேண்டுமானால் சந்துக்காரர்கள் பன்னிரண்டு வீட்டாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது கம்பெனி. "நீ கொண்டு போய்க் காட்டுக்கா. நீ சொன்னா கேப்பாங்க" என்றான் தம்பி.

லேப்டாப்பைக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பத்தாவது வீட்டு டைலரம்மா ஒருத்திதான் கேள்வி கேட்டாள். அவள் வீட்டு முன்னறைதான் தையல் கடையும். ஐந்து மெஷின்கள், தரையிலிருந்து கூரை வரை துணி மூட்டைகள்.

"எல்லாம் அழகா இருக்கு செடியக்கா. மேல கல்லு பாவிட்டா மழைத்தண்ணி எங்க போகும்? இப்போ மண்ணு குடிச்சிடுது. நாளைக்குக் கல்லா குடிக்கும்?"

இந்தப் பாடத்தையும் தம்பி சொல்லிக்கொடுத்திருந்தான். செடியக்கா ஒரு பட்டனை அழுத்தினாள். நீலக் கோடுகள் சரிவில் இறங்கின, சுவர்ப்பக்கம் வந்தன, அங்கே திரும்பி ஒழுங்காகக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு இந்தப் பக்கம் வராது. நானே பண்ணினது. என்னை நம்புங்க."

டைலரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அன்று செடியக்கா வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனாள்.

கையெழுத்துகள் கம்பெனிக்குப் போய் ஒரு வாரம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரங்களை வகைவாரியாகக் கலர் போட்டு ஒரு பிரின்ட் வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். சுலபமான வேலை. ஆனால் செடியக்காவின் மவுஸ் ஒரு வரி தள்ளி விழுந்துவிட்டது. மர லேயருக்குப் பதிலாக, தொடாதே என்று தம்பி சொன்ன அந்த லேயர் திறந்துகொண்டது. அவள் அதைக் கவனிக்காமலே, அட்டவணையில் எந்தப் பத்தியை வைத்துக் கலர் போடட்டும் என்று கணினி கேட்டதும் கைக்கு வந்ததை அழுத்தினாள்.

திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். சந்தின் ஓரத்தில் மட்டும் வரிசையாகச் சிவப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, தொடாதே என்றானே, தொட்டுத் தொலைத்துவிட்டோமே என்று பதறிப்போய், என்ன கெட்டுப்போயிற்று என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதுவும் கெட்டிருக்கவில்லை. கெட்டதெல்லாம் முன்பே கெட்டிருந்தது.

நிலத்தை அளக்கிறவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அது என்ன என்று எழுதுவார்கள். தரை, சுவர், மரம், கம்பம் என்று. தரை என்று எழுதினவற்றை மட்டுமே கணினி நிலமாக எடுத்துக்கொள்ளும். இங்கே இரண்டு பத்திகள் இருந்தன. 'வகை பழையது' என்ற பத்தியில் அந்தச் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் 'சுவர் உச்சி' என்று இருந்தன. 'வகை' என்ற பத்தியில் அதே புள்ளிகள் 'தரை'. எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. மாற்றிய தேதியும் பக்கத்திலேயே இருந்தது. அவன் முதல் சனிக்கிழமை பாடம் சொல்லித்தர வந்ததற்கு ஐந்து நாள் முந்தைய தேதி.

இடிந்த சுவரின் உச்சியை நிலம் என்று சொல்லிவிட்டால், கணினிக்கு அது உடையாத ஒரு கரை. தண்ணீர் அதில் முட்டித் திரும்பத்தான் செய்யும். உண்மையில் அந்தச் சுவரில் நாலு இடத்தில் நாய் நுழையும் அளவுக்கு ஓட்டை.

வேறு எவனாவது இருந்தால் பழைய பத்தியை அழித்திருப்பான். இவனுக்கு அழித்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டால்கூட ரப்பரைத் தொடமாட்டான், ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் திருத்தி எழுதுவான். பொய்யைக்கூட ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருந்தான்.

பழைய பத்தியை வைத்து நிலத்தை மறுபடி உருவாக்கச் சொன்னாள். கரை காணாமல் போயிற்று. தண்ணீரை ஓடவிட்டாள். நீலக் கோடுகள் கல்தளத்திலிருந்து நேராக இறங்கி, சந்துக்குள் புகுந்து, ஒவ்வொரு வாசலாகத் தொட்டுக்கொண்டு வந்து, கடைசியில் பன்னிரண்டாவது வீட்டில் கூடி நின்றன. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்களே, அது இவ்வளவு அமைதியாக, இவ்வளவு நேர்த்தியாக இரண்டு பத்திகளில் நடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு நேராகத் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். புதிதாகப் போடுகிற சாலையின் ஓரத்தில் கருவிக்குள் கண்ணை வைத்துக் குனிந்திருந்தான்.

"டேய், சுவரை எதுக்குடா தரையாக்கினே?"

"எந்தச் சுவருக்கா?" கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"நாப்பத்து மூணு பாயிண்ட்."

எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்தான். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"முதல்ல சரியாத்தான்க்கா அனுப்பினேன். இப்படி இருந்தா ஓரத்துல பெரிய வாய்க்கால் வெட்டணும், கார் நிறுத்தற இடமே பாதி போயிடும், வேலையே வேண்டாம்னுட்டாங்க. அடுத்து அவங்ககிட்ட அஞ்சு பூங்கா இருக்கு. அஞ்சையும் நான்தான் அளக்கறதா பேச்சு. நான் என்ன இல்லாததையா வரைஞ்சேன்? சுவரு இருக்குதானே?"

"முழங்கால் உயரச் சுவரு. அதுல நாலு ஓட்டை. அளந்த உனக்குத் தெரியாதா?"

"பின்னாடி பூசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

அவன் குனிந்து மறுபடி கருவிக்குள் கண்ணை வைத்தான்.

"சரி, மாடல் பண்ண எத்தனையோ பேர் இருக்காங்க. மவுஸ் பிடிக்கத் தெரியாத என்னை எதுக்குடா எங்க மேனேஜர் பிடிச்சாரு?"

சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்தான். "நான்தான் சொன்னேன். அக்காவைப் பண்ணச் சொல்லுங்க, நான் சொல்லித் தரேன்னு. நீ காட்டினா சந்துல யாரும் குடைய மாட்டாங்கன்னுதான். உனக்கும் ஒரு வித்தை கைக்கு வந்த மாதிரி ஆச்சுல்லக்கா?"

ஆறு வாரம். பன்னிரண்டு நாள் அவன் அவள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். அத்தனை பொறுமையும் இதற்குத்தான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கடைசியாக அவனைத் திருப்ப முடியுமா என்று ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா கட்டிலு தரையோட தரையாக் கிடக்குடா. முழங்கால் தண்ணி வந்தா அம்மாவால எழுந்து நிக்க முடியுமா?"

"அம்மாவைப் பத்தி நீ கவலைப்படாதே. மழைக்கு முன்னாடி நான் வந்து எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நானு?"

அவன் கருவியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தான். மூன்று கால்கள்தான். மூன்றையும் மடக்கி முடிக்கும் வரை அவள் நின்றாள், பிறகு திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் அதற்குள் வாபஸ் வாங்கினால்தான் நிற்கும். செடியக்கா நேராக டைலரம்மாவிடம் போனாள். இவ்வளவுக்குப் பிறகும் வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டு போனது தம்பியை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான். அளவில் ஏதோ பிழை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், அவனை இழுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். கூடப் பிறந்துவிட்டானே, அவளும்தான் என்ன செய்வாள்.

துணி வெட்டும் மேஜையில் லேப்டாப்பை வைத்து, புது நிலத்தில் தண்ணீரை ஓடவிட்டாள். நீலக் கோடுகள் பத்தாவது வீட்டு வாசலைத் தாண்டிப் போயின. டைலரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் ஒரு சொட்டு வராதுன்னே. என்னை நம்புன்னே. இன்னைக்கு வீட்டுக்குள்ளயே விடறே. நான் எதை நம்பறது?"

"அளவுல ஒரு பிழை ஆயிடுச்சு. இதுதான் சரி."

"பிழைன்னா அளந்தவரையே கேட்டுடலாமே. உன் தம்பி நம்பர் என்கிட்ட இருக்கு." செடியக்கா தடுப்பதற்குள் டைலரம்மா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

தம்பியின் குரல் வந்தது. அதே இதமான குரல். பக்கத்தில் அக்கா இருப்பது அவனுக்குத் தெரியாது.

"அப்படியா காட்டினாங்க? அளவெல்லாம் பக்காவா இருக்குங்க. அக்கா இப்பத்தானே கத்துக்கிறாங்க, எதையாவது தப்பா அழுத்தியிருப்பாங்க. பாவம், வயசாகுதுல்ல. நான் பேசிக்கிறேன், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

போன் வைக்கப்பட்டது. டைலரம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் செடியக்காவால் தாங்க முடியவில்லை. அவனைக் காப்பாற்றுவதற்காகக் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே கொட்டிப்போயின.

"நான் புதுசுதான், டைலரம்மா. அவன் புதுசு இல்ல. இருபத்திரண்டு வருஷமா அளக்கறான்" என்று சொல்லி, அந்த இரண்டு பத்திகளையும் திறந்து காட்டினாள். எது சுவர், எது தரை, எந்தத் தேதியில் மாற்றியது, யார் கணக்கிலிருந்து மாற்றியது, எல்லாம் காட்டினாள்.

டைலரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அளவெடுத்துப் பிழைக்கிறவளுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய நோட்டிலும் மாற்றிய அளவுக்குப் பக்கத்தில் பழைய அளவு இருக்கும்.

"நாப்பத்து மூணு தடவை கை தவறாது" என்றாள். பிறகு, "எங்க போடணும் கையெழுத்து?" என்று கேட்டாள்.

அந்த மேஜையிலேயே செடியக்கா கடிதம் எழுதினாள். தான் செய்து காட்டிய மாடல் தவறானது, அதை நம்பிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினாள். புள்ளிகளை மாற்றியவர் நில அளவையாளர் என்று எழுதி, கொஞ்ச நேரம் நிறுத்தி, என் உடன்பிறந்த தம்பி என்பதையும் சேர்த்தாள். நாளைக்கு இதே சந்தில் இன்னொரு வாய் அதைச் சொல்வதற்குமுன் தானே சொல்லிவிடலாம் என்றுதான். எட்டு வீட்டில் வாபஸ் கையெழுத்துக் கிடைத்தது. இரண்டு வீட்டில் கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர், "எது சொன்னாலும் நாங்க தலையாட்டணுமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

மீதி இருந்தது அவள் வீடு. வீடு அம்மா பெயரில். உள்ளே நுழையும்போதே அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி போன் பண்ணினான். அழறான்டி. நீ ஏதோ எழுதி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கறியாமே, அவன் வேலையே போயிடுமாம். அவன் உனக்கு என்னடி கெடுதல் பண்ணினான்? வாராவாரம் வந்து உக்காந்து சொல்லிக்கொடுத்தானே!"

"சொல்லிக்கொடுத்தான்மா. இதையும் கேளு" என்று செடியக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைச் சொன்னாள், புள்ளிகளைச் சொன்னாள், முதல் பெரிய மழையில் இதே அறைக்குள் இந்தக் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்பதைச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு இடத்தில் தலையைக்கூட ஆட்டினாள். புரிந்துகொண்டாள் என்று நம்பி, செடியக்கா கடிதத்தையும் பேனாவையும் எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அம்மா பேனாவைத் தொடவில்லை.

"தெரியும்டி. தண்ணி வரும்னு அவன் போன மாசமே சொன்னான். அதான் என்னைக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லியிருக்கானே."

அன்று தம்பியிடம் ஒரு தடவை கேட்ட "நானு?" என்ற கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் செடியக்காவுக்குத் தெம்பு இல்லை. மடியிலிருந்து கடிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எட்டுக் கையெழுத்தோடு அதைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள்.